தினமும் தியானப் புத்தகம் படித்தும் மனதில் நிற்பதில்லையே, ஏன்?

கேள்வி இதுதான்: காலையில் கிறிஸ்தவத் தியானப் புத்தகம் படிக்கும் பழக்கம் உண்டு. கையில் மூன்று புத்தகம், போனில் ஒரு ஆப். ஆனால் படித்தது மத்தியானத்துக்குள் மறந்துபோகிறது. நாலு நாள் விட்டுப்போனால் குற்ற உணர்வு வேறு. வருடக்கணக்காகப் படித்தும் ஆவிக்குரிய வாழ்க்கையில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. எந்தப் புத்தகம் நல்லது, எப்படிப் படிப்பது?

எப்படிப் படிப்பது என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது சரியானால் எந்தப் புத்தகம் என்பது பாதி தானாகவே தெளிந்துவிடும்.

பெரும்பாலும் கோளாறு புத்தகத்தில் இல்லை, படிக்கிற வரிசையில் இருக்கிறது. தினசரித் தியானப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை எடுத்துப் பாருங்கள். மேலே கொட்டை எழுத்தில் ஒரு வசனம், நடுவில் ஒரு சம்பவமும் விளக்கமும், கீழே ஒரு வரி ஜெபம். நம் கண் வசனத்தைத் தாண்டிச் சம்பவத்துக்கு ஓடிவிடுகிறது, ஏனென்றால் வசனம் ஏற்கெனவே தெரிந்தது. சம்பவம் சுவாரசியமாக இருந்தால் அது மட்டும் மனதில் தங்கும், இல்லையென்றால் எதுவுமே தங்காது. முழுப் பக்கத்துக்கும் இரண்டு நிமிடம்கூட ஆகாது. இப்படி ஒரு வருடம் படித்தால் முந்நூற்றுச் சொச்சம் குட்டிக் கதைகள் படித்திருப்போம். வேதத்தோடு பழகியிருக்க மாட்டோம்.

எனவே வேதபகுதி முதலில், புத்தகம் பிறகு. அந்த ஒற்றை வசனத்தை அல்ல, அது வருகிற பத்தி முழுவதையும் வேதாகமத்தைத் திறந்து படிக்க வேண்டும். இந்த ஒரு மாற்றம் எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்பதற்கு ஒரு உதாரணத்தை நிதானமாகப் பார்ப்போம்.

பிலிப்பியர் 4:13. "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." பரீட்சை, நேர்முகத் தேர்வு, புதுத் தொழில் என்று எல்லாவற்றுக்கும் இதைத்தான் எடுத்துக்கொள்கிறோம். தியானப் பக்கமும் அநேகமாகச் சாதனை, வெற்றி என்றே போகும். இப்போது 10-ஆம் வசனத்திலிருந்து 20 வரை படியுங்கள். பவுல் ஒரு பண உதவிக்கு நன்றி சொல்லி எழுதுகிறார். 18-ஆம் வசனத்தில் அந்த உதவியைக் கொண்டுவந்த எப்பாப்பிரோதீத்துவின் பெயர் இருக்கிறது. முதல் அதிகாரம் 13-ஆம் வசனத்துக்குப் போனால் எழுதுகிறவர் கட்டுகளில் இருக்கிறார் என்பது தெரியும். 4:12-ல் தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும், பட்டினியாயிருக்கவும் போதிக்கப்பட்டேன் என்கிறார். அதற்கு அடுத்த வரிதான் 13. ஆகவே அந்த "எல்லாவற்றையும்" என்பதற்குள் பட்டினியும் அடக்கம், காவலும் அடக்கம். இதைப் பார்த்த பிறகு நீங்கள் செய்கிற ஜெபமே மாறிவிடும். "இந்த வேலை எனக்குக் கிடைக்கச் செய்யும்" என்பதோடு நிற்காமல், "கிடைக்காவிட்டாலும் நான் கசந்துபோகாதிருக்கப் பெலன் தாரும்" என்று வரும். பதினொரு வசனம் படிக்க ஒன்றரை நிமிடம் போதும்.

எரேமியா 29:11-க்கும் இதே கதிதான். "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்று சுவரில் மாட்டுகிறோம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் என்று காலக்கெடு நிற்கிறது. வசனத்தின் ஆறுதல் இதனால் குறையப்போவதில்லை. சீக்கிரம் எல்லாம் சரியாகிவிடும் என்ற அவசர அர்த்தம்தான் கழன்றுபோகும்.

நேரக் கணக்குக்கு வருகிறேன். இருபது நிமிடம் ஒதுக்க முடிந்தால் இப்படிப் பிரிக்கலாம்: இரண்டு நிமிடம் சும்மா அமைதியாக உட்காருவது, ஏழு நிமிடம் வேதபகுதி, நாலு நிமிடம் புத்தகம், இரண்டு நிமிடம் எழுதுவது, மீதி ஐந்து ஜெபம். அந்த முதல் இரண்டு நிமிடத்தை வீண் என்று வெட்டிவிடாதீர்கள். எழுந்தவுடன் தலைக்குள் ஓடுகிற வேலைப் பட்டியல் அடங்க அவ்வளவு நேரமாவது பிடிக்கும். அடங்காவிட்டால் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் வைத்து, நினைவுக்கு வருகிற வேலையை அதில் குறித்துவிட்டுத் திரும்புங்கள். பத்து நிமிடம்தான் இருக்கிறது என்கிற நாளில் விட வேண்டியது புத்தகத்தை, வேதபகுதியை அல்ல. நம்மில் பலர் தலைகீழாகச் செய்கிறோம்.

வேதபகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் முறை என்ன நடக்கிறது, யார் யாரிடம் பேசுகிறார் என்பதற்காக. இரண்டாவது முறை வாய்விட்டு, மெதுவாக. வாய்விட்டுப் படித்தால் கண் வரியைத் தாவாது. அப்போது எந்தச் சொல்லில் தடுக்குகிறதோ அங்கே நின்றுவிடுங்கள். புரியாததால் நின்றாலும் சரி, குத்தியதால் நின்றாலும் சரி, அன்றைய தியானம் அந்த இடம்தான். பிறகு புத்தகத்தைத் திறந்தால், நீங்கள் நின்ற இடத்தில் ஆசிரியரும் நின்றாரா, வேறு எங்காவது போனாரா என்பது தெரியும். இரண்டும் பயன்தான். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே "காரியங்கள் இப்படியிருக்கிறதா" என்று வேதவாக்கியங்களில் தேடிப் பார்த்தார்கள் (அப். 17:11). பவுலுக்கே அப்படியென்றால் தியானப் புத்தக ஆசிரியருக்கு அது அவமரியாதை ஆகாது.

எழுதுவது மூன்று வரிக்கு மேல் வேண்டாம். தேதியும் வேதபகுதியும் ஒரு வரி. பகுதி சொல்வது என்ன என்பது உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வரி. இன்று செய்யப்போவது ஒரு வரி. வசனத்தை அப்படியே பார்த்து எழுதினால் கை வேலை செய்யும், மனம் தூங்கும். சொந்த வார்த்தையில் சொல்ல முயன்றால்தான் புரிந்ததா இல்லையா என்பது வெளிப்படும். மூன்றாவது வரியில் "அன்பாக இருக்க வேண்டும்" என்று எழுதுவதால் ஒன்றும் நடக்காது. யாரிடம், எப்போது, என்ன என்று இருக்க வேண்டும்: "சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டு, அன்று பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்பது." எழுதச் சங்கடமாக இருந்தால் சரியான வரியை எழுதுகிறீர்கள் என்று அர்த்தம். அழகான டைரி வாங்கி முதல் வாரம் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் மூன்றாவது வாரத்தில் நிறுத்திவிடுவதுதான் வழக்கம், மூன்று வரி என்ற கண்டிப்பு அதற்காகத்தான்.

12-ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவி இரண்டாம் குய்கோ இந்தப் பயிற்சியை நான்கு படிகளாகச் சொன்னார்: வாசிப்பு, தியானம், ஜெபம், தேவ சமுகத்தில் மௌனமாகத் தங்கியிருத்தல். இந்தக் கணக்கில் பார்த்தால், தியானப் புத்தகத்தைப் படித்து மூடுகிறவர் முதல் படியோடு இறங்கிவிடுகிறார். அச்சிட்ட ஒரு வரி ஜெபத்தை வாசித்து ஆமென் சொல்வதை மூன்றாவது படி என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். அதை வாசியுங்கள், ஆனால் அதற்குப் பின் நீங்கள் நின்ற அந்தச் சொல்லை எடுத்து உங்கள் பாஷையில் பேசுங்கள்.

மத்தியானத்துக்குள் மறந்துபோவதற்கு மருந்து நினைவாற்றலில் இல்லை. ஜெனீவா ஆயராக இருந்த பிரான்சிஸ் சலேசியார் 1609-ல் வெளியான தம் பக்தி நூலில் ஒரு யோசனை தருகிறார்: தோட்டத்தில் உலாவியவர் போகும்போது நாலைந்து பூவைப் பறித்துக் கையில் வைத்துக்கொள்வதுபோல, தியானத்திலிருந்து இரண்டொரு எண்ணங்களை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போ என்று. அவற்றில் ஒன்றை நாளில் ஏற்கெனவே இருக்கிற ஒரு செயலோடு கட்டிவிடுங்கள். சாப்பாட்டுக்கு முன் கை கழுவும்போது ஒருமுறை, வண்டியை நிறுத்தும்போது ஒருமுறை. இரவு படுக்குமுன் இரண்டு நிமிடம் அந்த மூன்றாவது வரியைப் பார்த்து, செய்தேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். செய்யவில்லையென்றால் அடித்துவிடாமல் நாளைக்கு மாற்றி எழுதுங்கள். ஒரே வரி நாலு நாள் மாறிக்கொண்டே போனால், ஜெபிக்க வேண்டிய விஷயம் எது என்று தெரிந்துவிட்டது.

இனி எந்தப் புத்தகம் என்பது. தியானப் புத்தகம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் இவை ஒரே வகை அல்ல.

தேதி போட்ட வருடப் புத்தகம்தான் நம்மில் அதிகம். இந்த மரபு பழையது. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் இருந்த மொரேவிய சபை விசுவாசிகள் 1728-ல் நாளுக்கு ஒரு வசனம் என்று வாய்மொழியாகத் தொடங்கி, 1731 முதல் அச்சில் வெளியிட்டு வருகிறார்கள். அதில் பழைய ஏற்பாட்டு வசனம் சீட்டுப் போட்டு எடுக்கப்படும், அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனம் தேர்ந்து சேர்க்கப்படும். இந்த வகையின் பலம் ஒழுங்கு. பலவீனம், வசனம் தன் இடத்திலிருந்து பிடுங்கப்பட்டு வருவது. நாளுக்கு நாள் தொடர்ச்சியும் இருக்காது. ஆஸ்வால்ட் சேம்பர்ஸின் புகழ்பெற்ற வருடப் புத்தகத்தைத் திறந்து, வரிகள் ஏன் இப்படி வெட்டு வெட்டாக இருக்கின்றன என்று திணறுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் அதைப் புத்தகமாக எழுதவே இல்லை. 1917-ல் அவர் இறந்த பிறகு, அவருடைய சொற்பொழிவுகளை மனைவி சுருக்கெழுத்தில் எடுத்திருந்த குறிப்புகளிலிருந்து தொகுத்து 1927-ல் வெளியிட்டார். ஒரு முழுப் பிரசங்கத்தின் சாறு ஒரு பக்கத்தில் இறங்கியிருக்கிறது. அதனால் ஆரம்பநிலையில் இருப்பவருக்கு அது சரிப்படாது, இரண்டு மூன்று வருடம் வேதவாசிப்புப் பழகியவருக்கு ஏற்றது.

முப்பத்தொரு நாள் புத்தகங்கள் ஒரே பொருளில் போகும். ஆண்ட்ரூ மரே ஜெபத்தைப் பற்றி எழுதியது முப்பத்தொரு பாடம். ஒரு மாதத்தில் ஒரு விஷயம் ஆழமாக இறங்கும் என்பதால், வருடப் புத்தகத்தில் தேங்கிப்போனவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வகைதான்.

மூன்றாவது, வேதபுத்தகம் ஒன்றை அதிகார வரிசையில் கொண்டுபோகும் வாசிப்புக் குறிப்புகள். அழகு குறைவு, கதையும் குறைவு, வளர்ச்சிக்கு இதைவிட நல்லது இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர் மாற்கு சுவிசேஷத்தை இப்படிப் படிக்கட்டும். பதினாறு அதிகாரம், ஒவ்வொன்றையும் இரண்டு நாளாகப் பிரித்தால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடியும்.

கடைசியாக, காலம் கடந்து நிற்கிற பக்தி நூல்கள். தாமஸ் கெம்பிஸ் எழுதி, தமிழில் கிறிஸ்துநாதர் அனுசாரம் என்று வந்த நூலில் நான்கு பாகம், 114 அதிகாரம். நாளுக்கு ஒன்று என்றால் நான்கு மாதத்துக்குள் முடித்துவிடலாம். ஆனால் அது மடத்துக்குள் இருந்த துறவிகளுக்காக எழுதப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. மனிதர்களோடு பேச்சைக் குறை, தனிமையை நாடு என்று அவர் சொல்வதைக் கைக்குழந்தையோடு இருக்கும் தாய் அப்படியே எடுத்துக்கொண்டால் குற்ற உணர்வுதான் மிஞ்சும். அந்தத் தாய்க்குச் சகோதரர் லாரன்ஸ் பொருந்துவார். அவர் மடத்துச் சமையலறையில் வேலை பார்த்தவர். அவர் பேரில் வந்த சிறு நூலில் நான்கு உரையாடலும் சில கடிதங்களும்தான், பாத்திரம் கழுவுகிற நேரத்திலும் தேவ சமுகத்தை உணர்வது எப்படி என்பதே அதன் பேச்சு. ஜான் பன்யனின் மோட்சப் பிரயாணம் (முதல் பாகம் 1678) கதையாகப் போவதால் நாளுக்கு இத்தனை பக்கம் என்று வெட்டாமல், ஒரு சம்பவம் முடியும் இடத்தில் நிறுத்துவது நல்லது. செய்யுளில் ருசி உள்ளவர்கள் அதைத் தழுவி கிருஷ்ணபிள்ளை பாடிய இரட்சணிய யாத்திரிகத்தை (1894) ஒருநாளைக்கு ஐந்தாறு பாட்டாகப் படிக்கலாம். ஓய்வுநாள் மாலைக்கு அது பொருத்தம், காலை அவசரத்துக்கு ஆகாது.

வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். புத்தகத்தில் ஏதாவது ஒரு மாதத்தை எடுத்து, முப்பது பக்கத்தின் தலைப்பு வசனங்களை மட்டும் ஓட்டிப் பாருங்கள். எத்தனை வாக்குத்தத்தம், எத்தனை கட்டளை, எத்தனை மனந்திரும்புதலுக்கான அழைப்பு, எத்தனை புலம்பல் என்று எண்ணுங்கள். முப்பதில் இருபத்தைந்து ஆசீர்வாத வாக்குத்தத்தம் என்றால் வைத்துவிடலாம். வேதாகமம் அந்த விகிதத்தில் எழுதப்படவில்லை. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதற்கும் அங்கே இடம் இருக்கிறது. வியாதி அல்லது மரணத்தைப் பற்றிய ஒரு பக்கத்தையும் தேடிப் படியுங்கள். விசுவாசம் இருந்தால் வியாதி வராது என்ற வாசனை அடித்தால், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நாளில் அந்தப் புத்தகம் உங்களைக் கைவிடும். மொழிபெயர்ப்பையும் கவனியுங்கள். ஒரு வாக்கியத்தை மூன்று முறை படிக்க வேண்டியிருப்பது ஆழத்தினாலா, தமிழ் சரியில்லாததாலா என்று ஒரு பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரே புத்தகம். மூன்றைச் சேர்த்துப் படித்தால் மூன்று வெவ்வேறு எண்ணங்கள் ஒன்றை ஒன்று அழித்துவிடும். மற்ற இரண்டையும் உள்ளே வைத்துவிடுங்கள். இருபது நிமிடத்துக்குள் ஒரு வருடத்தில் முழு வேதாகமம் என்ற திட்டத்தையும் திணிக்காதீர்கள். 66 புத்தகத்தில் 1,189 அதிகாரம், நாளுக்கு மூன்றேகால் வரும். ஸ்காட்லாந்துப் போதகர் ராபர்ட் மரே மெக்செய்ன் 1842-ல் தன் சபையாருக்குப் போட்டுக் கொடுத்த அட்டவணை நாளுக்கு நான்கு அதிகாரம். அதைப் பின்பற்ற ஆசையிருந்தால் அந்த வருடம் தியானப் புத்தகத்துக்கு விடுமுறை கொடுங்கள். சங்கீதம் மட்டும் சேர்க்க நினைத்தால் சுலப வழி உண்டு: தேதியோடு முப்பது முப்பதாகக் கூட்டுங்கள். 7-ஆம் தேதி என்றால் 7, 37, 67, 97, 127. ஐந்தில் மனம் ஒட்டுகிற ஒன்றை மட்டும் படித்தால் போதும். 29-ஆம் தேதிதான் சிக்கல், 176 வசனமுள்ள 119-ஆம் சங்கீதம் அன்றுதான் வரும். அதை 31-ஆம் தேதிக்குத் தள்ளிவிடலாம்.

விட்டுப்போன நாட்களைப் பற்றி: ஆறு நாள் விட்டிருந்தால் ஆறு பக்கத்தையும் ஒரே மூச்சில் படித்துக் கணக்கை நேர் செய்யாதீர்கள். அது வாசிப்பும் ஆகாது, ஜெபமும் ஆகாது. இன்றைய தேதிக்கு வந்துவிடுங்கள். மாதாமாதம் இப்படியே ஆகிறதென்றால் தேதி இல்லாத புத்தகத்துக்கு மாறுவதே நல்லது. போனில் படிக்கிறவர்கள் முந்தின இரவே விமான நிலையில் போட்டுவிட்டு, பகுதியைப் படித்து முடிக்கும்வரை அந்த நிலையை மாற்றாதிருக்க வேண்டும். ஒரு மெசேஜ் கண்ணில் பட்டால் அந்தக் காலை போனதுதான்.

இன்னொரு பிழை கொஞ்சம் ஆபத்தானது. இன்றைய பக்கம் என் சூழ்நிலைக்கு அச்சாகப் பொருந்துகிறது, ஆகவே இது தேவனுடைய உத்தரவு என்று எடுத்துக்கொள்வது. ஒரு வசனம் ஏற்ற வேளையில் வந்து தேற்றும், சந்தேகமில்லை. ஆனால் வேலையை விடுவது, கல்யாணத்தை நிச்சயிப்பது, வைத்தியத்தை நிறுத்துவது போன்ற முடிவுகளை ஒரு தியானப் பக்கத்தின் மேல் கட்டக் கூடாது. அதே பக்கத்தை அன்று லட்சம் பேர் படிக்கிறார்கள், அத்தனை பேருக்கும் வேலையை விடும் உத்தரவு வந்திருக்காது. முதிர்ந்த விசுவாசிகளிடமும் மேய்ப்பரிடமும் பேசுங்கள்.

வறண்ட நாட்கள் வரும். பக்கம் காகிதமாகவே இருக்கும், ஜெபம் கூரையைத் தாண்டாது. அப்போது புத்தகத்தை மாற்றத் தோன்றும். இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியாரின் விதி இங்கே கைகொடுக்கும்: ஆறுதலற்ற காலத்தில் எடுத்திருந்த தீர்மானத்தை மாற்றாதே. இன்னொன்றும் சொல்கிறார், அப்படிப்பட்ட நாளில் குறித்த நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே இரு என்று. எனவே இருபது நிமிடம் என்றால் இருபத்தொன்று உட்காருங்கள். புத்தகம் சரியில்லையா என்ற முடிவை ஒரு மாதம் முடிந்தபின், மனம் தெளிந்த ஒரு நாளில் எடுக்கலாம். வாரக்கணக்கில் தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மட்டும் அதை ஆவிக்குரிய வறட்சி என்று தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

வளர்ச்சி இருக்கிறதா என்பதை உணர்ச்சியில் தேட வேண்டாம். வாரத்துக்கு ஒருநாள், ஏழு நாள் எழுதிய மூன்று வரிகளை ஒன்றாக வைத்துப் படியுங்கள். ஒரே பாவம், ஒரே பயம், ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டில் உங்களோடு இருப்பவரிடம், "என் கோபம் முன்னைவிடக் குறைந்திருக்கிறதா?" என்று கேளுங்கள். உங்கள் நோட்டு சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். துணைக்கு ஒருவர் அதே புத்தகத்தைப் படித்தால் இன்னும் நல்லது. வாரம் ஒருமுறை பேசும்போது "எது பிடித்தது" என்று கேட்காமல் "எதைச் செய்ய முடியவில்லை" என்று கேளுங்கள், பேச்சு நேராக விஷயத்துக்கு வரும்.

தேதி போட்ட புத்தகம் நல்லதாக அமைந்துவிட்டால் வருடம் முடிந்ததும் யாருக்காவது கொடுத்துவிடாதீர்கள். அடுத்த வருடமும் அதையே எடுத்து, இந்த முறை உங்கள் பழைய நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். முதல் வருடம் நீங்கள் தடுக்கி நின்ற இடமும் இப்போது நிற்கிற இடமும் ஒன்றாக இருக்காது. ஒன்றாகவே இருந்தால், அந்தப் பகுதியில் இன்னும் ஒரு வாரம் தங்குங்கள். தேதி அது பாட்டுக்குப் போகட்டும்.